கூடிக் கலைந்த நாற்பத்துமூவர்

சங்கம் ஒன்றை ஆரம்பிப்பதற்கு எம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நாலு பேர் ஒரு தேநீர்க் கடையிலே சிறிது பொழுது இருந்தெழுந்தாற் போதும். ஒரு தலைவர், ஒரு காரியதரிசி, ஒரு தனாதிகாரி, மூன்று போஷகர் ஆகியோர் அங்கே தோன்றிவிடுவர். அங்கத்தவர் யாவர் என்பது பின்னரே யோசிக்கப்படும். ஆனால், ஆரம்பித்த சங்கத்தை முடித்து வைப்பது எங்ஙனம் என்று கேட்டால், விடை சொல்வார் அரியர். மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் பெயர்ப்பலகை மாத்திரம் எஞ்சி நிற்கும் சங்கங்களை வாசகர்கள் கண்டிருப்பர். அவற்றின் கணக்குப் புத்தகம் எவருடைய பெட்டியிற் கிடக்கிறதோ, அதை அறிந்தவர் அவர் ஒருவரே. அவரும் மறந்திருக்கக்கூடும்.

கைத்தொலைபேசியில் வட்ஸ்அப் வந்து சேர்ந்த பின்னர் சங்கம் ஆரம்பிக்கத் தேநீரும் வேண்டியதில்லை என்றாயிற்று. அவ்வாறு தோன்றிய குழுவொன்றை நாம் பத்து ஆண்டுகள் நடத்தி, 2025 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே எமது கையாலேயே கலைத்தோம். கலைத்த விதத்தை ஈண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. எமக்கு அப்போது வழி சொல்ல எவரும் இருக்கவில்லை; நாம் பட்ட தடுமாற்றம் வேறு எவருக்கேனும் உதவுமாயின் நன்று.

எமது குழுவினர் 1998 ஆம் ஆண்டளவிற் புளியந்தீவிலே ஒரு தனியார் வகுப்பில் ஒன்றாக உயர்தரம் கற்றவர்கள். சூரியன் எழும் பக்கமாகிய கடற்கரை ஊர்களை எழுவான்கரை என்றும், அது படும் பக்கமாகிய வாவியின் மேற்கு ஊர்களைப் படுவான்கரை என்றும் எமது முன்னோர் வழங்கினர். அவ்விரு கரையினின்றும் பிள்ளைகள் அங்கே வந்தனர். படுவான்கரையார் மண்முனைத் துறையிலே 'பாதை' ஏறி வாவியைக் கடப்பர். பிற மாவட்டத்து வாசகர்க்காக ஒரு வார்த்தை: எமது ஊரிலே பாதை என்றால் தெருவன்று, மக்களையும் வாகனங்களையும் ஏற்றித் துறைக்குத் துறை செல்லும் மிதவை. காத்தான்குடியினின்றும் ஆரையம்பதியினின்றும் வருவோர் கல்லடிப் பாலத்தைக் கடந்து வருவர். யுத்த காலமாகையாற் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியே யாவரும் வகுப்புக்கு வந்தோம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாங்கில் நெருங்கியிருந்து இரசாயனம் படித்தோம். 1990 ஆம் ஆண்டில் இரு சாராரின் ஊர்களிலும் நேர்ந்தவை எல்லோர் நெஞ்சிலும் இருந்தன. ஆயினும் வகுப்பறையில் எவரும் அவற்றைப் பேசியதில்லை.

2015 இற் குழு தொடங்கியபோது ஐம்பத்தெட்டுப் பேர் சேர்ந்தனர். எமக்குக் கற்பித்த ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு தோழருக்குச் சிறுநீரகம் பழுதுற்றபோது நிதி திரட்டினோம். அதுவே குழுவின் முதற் காரியம். இரண்டாம் காரியம் பாட்டு. படுவான்கரைத் தோழர் ஒருவர் அண்ணாவியார் ஒருவரின் பேரன். அவர் கட்டாரிலே தொழில் செய்தார். இரவு வேலை முடிந்து தமது அறையிலிருந்து வடமோடிக் கூத்துப் பாடல்களைப் பாடி, குரற் பதிவாக எமக்கு அனுப்புவார். மத்தளம் இல்லை, மேசையிலே தட்டுவார். கண்டியிலும் இலண்டனிலும் தொரன்ரோவிலும் இருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டே உறங்கச் செல்வர்.

இத்தகைய குழு ஏன் கலைய வேண்டும் என்று வாசகர் வினவுவர். அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது எமது தவறு.

2019 ஆம் ஆண்டு ஏப்ரில் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குண்டுகள் வெடித்த அதே காலையில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் ஒன்று வெடித்தது. மாண்டோரிற் பலர் சிறுவர். அன்றே அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. ஏப்ரில் 30 ஆம் நாளே அவை மீண்டும் திறக்கப்பட்டன. அதற்கு முன்னர், 2018 மார்ச்சிலும், கண்டி மாவட்டக் கலவரத்தின்போது அவை முடக்கப்பட்டிருந்தன. தடையைச் சுற்றிச் செல்லும் வழி அறிந்த சிலரே அந்த நாட்களிற் குழுவிலே எழுதினர். தாக்குதலை நடத்தியோரின் தலைவன் காத்தான்குடியிற் பிறந்தவன் என்ற செய்தி வந்ததும், எவரோ எங்கிருந்தோ பெற்ற ஒரு செய்தியைக் கொண்டுவந்து போட்டார். அவ்வூரார் அனைவரையும் குற்றவாளிகளாக்கும் செய்தி அது. 2017 ஆம் ஆண்டிலே அந்த மனிதனோடு மோதி, அவனை ஊரினின்றும் ஓடச் செய்தவர்களும் காத்தான்குடி மக்களே என்பதை அதை எழுதியவர் அறியார். அறிய விரும்பவும் இல்லை போலும்.

குழுவின் நிருவாகி நாம். எல்லோரும் 'அட்மின்' என்று அழைப்பது எம்மைத்தான். அச்செய்தியை அப்போதே அகற்றியிருக்கலாம், அனுப்பியவரைக் கண்டித்திருக்கலாம். இரண்டு நாட்கள் நாம் ஒன்றுஞ் செய்யவில்லை. ஊர் முழுதும் பிணப்பெட்டிகள் சென்றுகொண்டிருந்த வேளையில் நியாயம் பேசினால் எவர் மனம் புண்படுமோ என்று அஞ்சினோம் என்பதே உண்மை. மூன்றாம் நாள் இரவு காத்தான்குடித் தோழர் ஒருவர் வெளியேறினார். அக்காலத்தில் ஒருவர் வெளியேறினால் அவ்வறிவித்தல் யாவர்க்கும் தெரியும். சாம்பல் நிறத்திலே ஒரு சிறு வரி. விடிவதற்குள் அவ்வாறு ஒன்பது வரிகள் கிடந்தன.

பின்னும் குழு நடந்தது. நடந்தது என்று சொல்லலாம். 2021 இற் கட்டார்த் தோழர் கொரோனா நோயினால் அங்கேயே காலமானார். பாட்டு நின்றது. 2022 இற் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுதும் வரிசையில் நின்ற மாதங்களில், எந்த நிரப்பு நிலையத்திற்கு எப்போது பவுசர் வரும் என்று சொல்லிக்கொள்வதற்காகக் குழு மறுபடியும் உயிர்பெற்றது. அதன் பின்னர் ஆசிரியரின் காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, ரோசாப்பூப் படங்கள் என்பன எஞ்சின.

இரண்டாவது காரணம் 2024 இல் வந்தது. அங்கத்தவர் ஒருவரின் கணக்கைக் களவாடிய எவனோ, அவர் பெயரால், "அவசரமாக நாற்பதினாயிரம் ரூபா வேண்டும், நாளை தருகிறேன்" என்று குழுவில் உள்ளோர்க்குத் தனித்தனியே எழுதினான். கணக்கு எப்படிப் பறிபோயிற்று என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். புதிய தொலைபேசி ஒன்றில் வட்ஸ்அப்பைப் பதிவு செய்யும்போது உரியவரின் எண்ணுக்கு ஆறிலக்க இரகசிய எண் ஒன்று வரும். அதை "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்" என்று நண்பர் குரலில் எவராவது கேட்பர். கொடுத்தவுடன் வீட்டுச் சாவியைக் கொடுத்தவாறாகும். எமது தோழர் கொடுத்தார். அவர் பெயரை நம்பி, கணவனை இழந்த ஒரு தோழி நாற்பதினாயிரத்தை அனுப்பினார். பணம் மீளவில்லை. எவரும் பேசாத குழுவொன்று, பழைய நட்பின் பெயராற் கள்வர் நுழையும் கதவாயிற்று.

கலைத்துவிடுவோம் என்று எழுதினோம். எழுதியதுதான் தாமதம், ஆறு மாதமாக வாய் திறவாதவர்கள் எல்லாம் பேசத் தொடங்கினர்! எமது நாட்டில் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு கூடிய கொம்புமுறி விளையாட்டு ஒன்று உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாய்ப் பிரிந்து, கொளுவிய கொம்புகளைக் கயிறு கட்டி இழுக்கும். தோற்றவரை வென்றவர் வசை பாடுவர். குழுவும் அவ்வாறே பிரிந்தது. "விரும்பாதவர் போகட்டும், குழு இருக்கட்டும்" என்றது ஒரு சேரி. "பூட்டாமல் விட்டுப் போன வீடு யாருக்கு நன்மை?" என்றது மற்றது. கொம்புமுறியிலாவது ஒரு கொம்பு முறிந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். இங்கே மூன்று வாரம் இழுத்தனர். 2024 ஆம் ஆண்டு சனவரியிற் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைச் சுட்டி, "நாளை எவராவது எதையாவது போட்டால் அட்மின் பொலிசுக்குப் போவாரா, நீங்கள் போவீர்களா?" என்று ஒருவர் கேட்டார். அது எமக்கு நகைச்சுவையாய்த் தோன்றவில்லை.

உலகத்திலே பெரிய வீடுகளும் பூட்டப்பட்டுள்ளன. ஓர்க்குட் 2014 செப்டெம்பர் 30 ஆம் நாள் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரில் 2 இல் மூடப்பட்டது. யாஹூ குழுக்களின் முடிவுதான் தமிழர்க்கு நெருக்கமானது. இணையத்திலே தமிழில் எழுதுவதே புதுமையாயிருந்த காலத்தில், 'அகத்தியர்', 'மரத்தடி', 'ராயர் காபி கிளப்' முதலிய குழுக்கள் அங்கேதான் கூடின. இலக்கணச் சண்டைகளும் சிறுகதைகளும் ஊர்க் கதைகளும் அங்கே குவிந்திருந்தன. 2019 அக்டோபர் 28 இல் யாஹூ நிறுவனம் புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்தியது. சேமித்து வைத்தவற்றைப் பெற்றுக்கொள்வதற்கு 2020 சனவரி 31 வரை தவணை கொடுத்தது. 2020 டிசெம்பர் 15 இல் எல்லாம் ஓய்ந்தன. தவணைக்குள் நகல் எடுத்தவர்க்கு எடுத்தது மிச்சம்.

இவற்றை எண்ணியபோதுதான் எமக்குத் திடுக்கிட்டது. கட்டார்த் தோழரின் பாட்டுகள் எங்கே?

எமது தொலைபேசியில் இல்லை. 2020 இற் புதியது வாங்கியபோது பழையதைக் கொடுத்துவிட்டோம். குழுவை மேலே உருட்டிப் பார்த்தால் பதிவுகளின் அடையாளம் தெரிகிறது. தொட்டால் ஒலி எழவில்லை. வட்ஸ்அப் நிறுவனம் செய்திகளைக் களஞ்சியமாய் வைத்திருப்பதில்லை என்பதைப் பலர் அறியார். உரியவர் தொலைபேசிக்குச் செய்தி சேர்ந்துவிட்டால், அது அத்தொலைபேசியின் பொறுப்பு. குழுவிற் கேட்டோம். ஒவ்வொருவரும் மற்றவரிடம் இருக்கும் என்றே நம்பியிருந்தனர். நாற்பத்துமூவரில் ஒருவரிடமும் இல்லை. தோழரின் மனைவியிடமும் இல்லை. அவருடைய தொலைபேசி கட்டாரினின்றும் உடைந்தே வந்தது. ஆயினும் அந்த அம்மையார் கணவரின் எண்ணைக் கைவிடாது வேறொரு தொலைபேசியில் இட்டு வைத்திருந்தார். நூற்றிருபது நாட்கள் ஒரு கணக்கு பயன்படாமற் கிடந்தால் வட்ஸ்அப் அதை அழித்துவிடும். அவர் பெயரும் குழுவினின்றும் மறையும். அது நேராதிருக்க வாரமொரு முறை அவர் அதைத் திறந்து பார்ப்பாராம். அத்தோழரின் மகள் பல்கலைக்கழகத்திலே படிக்கிறாள். கூத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதத் தந்தையின் குரல் வேண்டும் என்று எமக்கு எழுதினாள். ஆய்வு ஒரு சாட்டு என்பது எமக்கு விளங்கிற்று.

அப்போது ஆசிரியர் ஒரு குரற் பதிவு அனுப்பினார். "மனே, வெளியில போன ஒன்பது பேரிட்டயும் கேட்டயா?" என்பதே அது.

கேட்கவில்லை. குழுவை விட்டு ஒருவர் வெளியேறினாலும், வெளியேறும்வரை வந்த செய்திகள் அவருடைய தொலைபேசியிற் கிடக்கும். அவரே அழித்தாலன்றி அழியா. இது தெரிந்திருந்தும் எமக்கு நாவெழவில்லை. ஆறு ஆண்டுகளாக அவர்களோடு பேசியதில்லை.

கல்லடிப் பழைய பாலத்தால் நடந்தோம். 1924 இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தினருகே 2013 இற் புதிய பாலம் அமைந்துவிட்டது. எனினும் பழையதை இடித்துவிடவில்லை. நடப்போரும் துவிச்சக்கர வண்டியோரும் இன்றும் அதனாற் செல்வர். நிலாக் காலத்திலே மீன் பாடுவதைக் கேட்க அப்பாலத்தடிக்கே தோணியிற் செல்வது பழைய வழக்கம். நாம் சென்றதோ உச்சி வெயிலில். பஸ் ஏறி, பேரீச்சை மரங்கள் வரிசையாய் நிற்கும் காத்தான்குடிப் பெருந்தெருவில் இறங்கி, முதலில் வெளியேறிய தோழரின் துணிக்கடைக்குள் நுழைந்தோம்.

சொல்ல வேண்டியதை முதலிற் சொன்னோம். அந்த இரண்டு நாளும் பேசாதிருந்தது பிழை என்றோம். அவர் துணியை மடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. "பிளேன்ரீ குடிப்பமா?" என்று பையனைக் கடைக்கு அனுப்பினார். வந்த காரியத்தைச் சொன்னதும் லாச்சியைத் திறந்து, கண்ணாடி வெடித்த பழைய தொலைபேசியொன்றை எடுத்து மின்னேற்றத்தில் இட்டார்.

"மச்சான், குழுவ விட்டுப் போனது நான். பாட்டு என்ன பிழ செஞ்ச?" என்றார்.

முப்பத்தொரு பதிவுகள் இருந்தன. அவர் வெளியேறியதற்குப் பின்னர் வந்தவை இல்லை. அவை போனவை போனவையே. கடை மூடும்வரை இருவரும் கேட்டோம். ஒரு பதிவின் இடையிலே பாடியவர் இருமி, "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்கிறார். மகளுக்கு அனுப்பும்போது அதை வெட்டாமலே அனுப்பினோம்.

கலைத்த முறையைச் சுருங்கச் சொல்வோம். ஒரு மாதத் தவணை கொடுத்து, முடிவு நாளை அறிவித்தோம். குழுவின் உரையாடலைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி வட்ஸ்அப்பிலே உண்டு, வேண்டுவோர் எடுத்துக்கொண்டனர். பிள்ளைகளின் படங்களை எவரும் வேறிடத்திற் போடலாகாது என்று பேசிக்கொண்டோம். அழைப்பு இணைப்பை இரத்துச் செய்தோம். செய்யாவிட்டால் ஒரு வாசலால் அனுப்ப, மறு வாசலால் எவரும் நுழைவர். நிதியிலே எஞ்சிய அறுபத்தோராயிரத்து முந்நூறு ரூபாவைக் கல்லடிக் கடற்கரையிற் கூடிய பதினேழு பேர் முன்னிலையிற் கணக்குக் காட்டி, பணத்தை ஏமாந்த தோழிக்கு நாற்பதினாயிரத்தைக் கொடுத்தோம். அவர் வேண்டாம் என்று அழுதார், தனாதிகாரி விடவில்லை. மீதி, சிறுநீரக நோயுற்ற தோழரின் வைத்தியசாலைப் போக்குவரத்துக்குச் சென்றது.

நிருவாகி தான் மாத்திரம் மெல்ல வெளியேறிவிட்டாற் குழு கலைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. ஒரே நிருவாகியாயின், அவர் போனவுடன் எஞ்சியோரில் எவரோ ஒருவரை வட்ஸ்அப் தானாகவே நிருவாகியாக்கும். யார் தலையில் விழும் என்பது அவருக்கே தெரியாது. ஆதலால் யாவரும் வெளியேறிய பின்னரே நிருவாகி வெளியேற வேண்டும். முகநூற் குழுவிலும் ஏறக்குறைய இதே முறைதான். அங்கத்தவர் எல்லோரையும் அகற்றி, இறுதியில் நிருவாகி விலகினால் அது அழியும். 'நீக்கப்பட்டார்' என்ற சொல் எமக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, இயன்றவர் தாமாகவே வெளியேறுக என்று வேண்டினோம். 2022 முதல் ஒருவர் வெளியேறுவது நிருவாகிக்கு மாத்திரமே அறிவிக்கப்படுகிறது. எனவே, அன்றிரவு ஒவ்வொரு வரியாக விழுவதை நாம் ஒருவரே பார்த்திருந்தோம். சிலர் போகுமுன் ஒரு சொல் எழுதினர். ஒருவர் தமது உயர்தர இரசாயனப் புள்ளியை எழுதிவிட்டுப் போனார். அது மிகக் குறைவு.

பத்து மணிக்கு மூவர் இருந்தோம்: ஆசிரியர், நாம், காலமான தோழரின் எண். ஆசிரியருக்கு வெளியேறும் வழி தெரியவில்லை. தொலைபேசியில் அழைத்தார். "மனே, நீயே என்ன விலக்கு. ஆனா, இனி விடியக் காலம்புற ஆருக்கு நான் வணக்கம் சொல்லுற?" என்றார். விலக்கினோம். பின்னர் அம்மையாரை அழைத்துச் சொன்னோம். அவர் சிறிது பொறுக்கச் சொல்லி, மகளை எழுப்பி, இருவருமாய் அந்த எண்ணிலிருந்து தாமே வெளியேறினர். அதன் பின் நாமும் வெளியேறிக் குழுவை அழித்தோம்.

மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி ஒலித்தது. ஆசிரியர் எமக்குத் தனியே ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பியிருந்தார். காத்தான்குடித் தோழருக்கும் அதே நேரத்தில் ஒன்று போயிருந்ததை அவர் மாலையிற் சொல்லத்தான் அறிந்தோம்.